கிளட்ச் கடினம்

எனக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். பத்தாவது நிமிடம் எழுந்துவிடுவேன். நான் உட்காருகிற இடத்தில் மட்டும் முள் முளைக்கிறது என்பார் என் கணவர். பதினெட்டு வருஷமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டி மருந்து கொண்டுபோகிறவளைப் பிடித்து மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு டர்ட் பைக்குகளை ஒப்பிட்டு அறிக்கை எழுது என்றால் எரிச்சல் வருமா, வராதா?

எங்கள் மருந்துக் கிடங்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே பதினோரு குடியிருப்புகள். ஜீப் முதல் நான்கு கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் சரளை, பாறை, வறண்ட ஓடை. இரண்டு சக்கரத்துக்குத்தான் அங்கே வழி உண்டு. பழைய வண்டி உயிரை விட்டதும், ஒரு மாதச் சோதனைக்கு என்று இரண்டு புது வண்டிகள் வந்திறங்கின. ஒன்று பெட்ரோல், மற்றது மின்சாரம். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எது என்பதை மூத்த ஓட்டுநரான நான் எழுதித் தர வேண்டும் என்றார் கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள்.

யாருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒடிந்த என் இடது மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. பாறையில் ஏறும்போது கிளட்சைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, எஞ்சின் அணையாமல் ஊர்ந்து போக வேண்டும். இருபது முறை பிடித்ததும் என் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பழைய வண்டியின் கிளட்ச் தேய்ந்து இலகுவாகிவிட்டதால் எப்படியோ காலத்தை ஓட்டினேன். வீட்டில் இறுகிப்போன டப்பா மூடிகளையெல்லாம் கணவரிடம் நீட்டுவேன். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

மின்சார வண்டியில் கிளட்சே கிடையாது. கியரும் கிடையாது. வலது கைப்பிடியை முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். இடது பக்கம் இருப்பது பின் பிரேக், அதற்கு ஒற்றை விரல் போதும். முதல் நாள் அதில் ஏறி ஓடைக்குள் இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாறை மேல் நிறுத்தி யோசிக்கலாம், அணைந்துபோகாது. காலைச் சுடாது. கல் உருளும் சத்தம்கூடக் காதில் விழும். இந்த வண்டி வந்தால் நான் ஓட்டுநர், பெட்ரோல் வண்டி வந்தால் இந்த நாற்காலி. அவ்வளவுதான் கணக்கு.

எங்களில் இரண்டாவது ஓட்டுநருக்கு நிதானம் என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். முப்பத்தைந்து வயதாகியும் அந்தக் குணம் அவன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மின்சார வண்டியில் ஒவ்வொரு ஏற்றத்திலும் கிளட்ச் என்று நினைத்து இடது பக்கத்தைப் பிடிப்பான். பின் சக்கரம் இறுகி நிற்கும், வண்டி சாயும், அவன் விழுவான். ஒருமுறை விழுந்த வண்டியைக் கைப்பிடியோடு சேர்த்துத் தூக்கினான். சத்தமே இல்லாததால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மறந்துவிட்டான். கை முறுக்கியதும் வண்டி அவனை விட்டுவிட்டுத் தனியாகப் புதருக்குள் பாய்ந்தது. அதற்கு என் முகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றான். நான் பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரிப்பெல்லாம் நேர அட்டவணையைப் பார்க்கும் வரைதான். ஒரே பாதையில் இருவரும் இரண்டு வண்டிகளையும் மும்மூன்று முறை ஓட்டியிருந்தோம். பெட்ரோலில் அவனுக்கு முப்பத்தொரு நிமிடம், எனக்கு நாற்பத்தேழு. மின்சாரத்தில் அவனுக்கு நாற்பது, எனக்கு இருபத்தொன்பது. வண்டிகளை ஒப்பிடப் போட்ட அட்டவணை என் கையைப் படம்பிடித்து வைத்திருந்தது. அவன் வண்டி மாறியதால் தடுமாறினான், அது யாருக்கும் புரியும். பதினெட்டு வருஷமாகப் பெட்ரோல் வண்டி ஓட்டியவள் பெட்ரோல் வண்டியில் ஏன் பதினாறு நிமிடம் பின்தங்கினாள் என்று ஒருத்தர் கேட்டால் போதும், என் கதை முடிந்தது.

கேட்டார். பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இந்த நாற்பத்தேழு எப்படி வந்தது என்றார். கிளட்ச் கடினமாக இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? குறிப்புப் பகுதியில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பெட்டியிலிருந்து அந்தப் பெட்ரோல் வண்டியை எடுத்துப் பாகம் பாகமாகப் பூட்டியவன் எங்கள் மெக்கானிக். அவன் என் கணவரின் தம்பி. கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை அவனுடையது. ஸ்பேனர்களை அளவு வாரியாகச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றின் நிழலையும் பெயின்ட்டில் வரைந்து வைத்திருக்கிற ஆள். கிளட்ச் ஏன் கடினமாக இருக்கிறது என்று எழுத்தில் விளக்கம் கொடு என்று பொறுப்பாளர் கேட்டதும் அவன் முகம் சிறுத்துப்போயிற்று.

கேபிளை மாற்றினான். "இப்பப் பிடிச்சுப் பாருங்க அண்ணி" என்றான். பிடித்தேன். காலையில் ஓய்வாக இருந்த என் விரல்களுக்கு அது வெண்ணெயாக இருந்தது. இன்னும் கடினம்தான் என்றேன். மறுநாள் லீவரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டான். இன்னும் அப்படித்தான் என்றேன். மூன்றாம் நாள் எஞ்சினின் பக்கவாட்டு மூடியையே திறந்து, கிளட்ச் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி, அளவுகோலால் அளந்துகொண்டிருந்தான். நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. சாப்பிட வரச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது. வந்து என்ன பயன், வாயைத் திறக்கவில்லையே. பட்டறைக்கும் கிடங்குக்கும் பத்து முறை நடந்ததுதான் மிச்சம்.

அன்று காலை பதினொரு மணிக்கு வயர்லெஸ்ஸில் மேல் முகாம் நர்ஸ் கூப்பிட்டார். அதுதான் கடைசிக் குடியிருப்பு. முப்பத்து நான்கு கிலோமீட்டர், அதில் பாதி செங்குத்து. கல்லுடைக்கிற பெண் ஒருத்தியைப் பாம்பு கடித்துவிட்டது, இமை தொங்குகிறது, விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி வேண்டும். பெட்ரோல் வண்டி துணியில் பரப்பிக் கிடந்தது. மின்சார வண்டி முழு சார்ஜில் நின்றது. பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அப்படி ஓர் ஓட்டம் நான் ஓட்டியதே இல்லை. ஓடையின் ஏழு பாறைப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறினேன். கையில் வலி இல்லை. இந்த வண்டிதான், இதுதான், என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். இருபதாவது கிலோமீட்டரில் திரையைப் பார்த்தேன், நாற்பத்திரண்டு சதவீதம். செங்குத்து ஏற்றம் சார்ஜைக் குடித்துக்கொண்டே வந்தது. முகாம் வாசலில் இறங்கும்போது எட்டு. போய்ச் சேர்ந்துவிட்டேன், ஆனால் திரும்ப வழியில்லை. முகாமில் இருப்பது மருந்துப் பெட்டியைக் குளிர்விக்கிற ஒரே ஒரு சூரியத் தகடு.

பத்துக் குப்பியும் ஏற்றியாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணின் மூச்சு இன்னும் மேலோட்டமாகவே இருந்தது. நர்ஸ் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னொரு பத்து வேணும். இருட்டறதுக்குள்ள."

என் கால்கள் தாமாக வாசலுக்குப் போய், செத்துக் கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பின. வயர்லெஸ்ஸை எடுத்தேன். கீழே பொறுப்பாளர் அம்மாள் பேசினார். மருந்து இருக்கிறது, நிதானமும் தயாராக நிற்கிறான். மெக்கானிக்தான் பெட்ரோல் வண்டியைப் பூட்டித் தர மாட்டேன் என்கிறானாம்.

அவனைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தான்.

"அண்ணி, எங்க பிழைன்னு எனக்கு இன்னும் பிடிபடல. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க கடினம்னு சொல்றீங்க, அப்ப எங்கயோ ஏதோ இருக்கு. பாறை நடுவுல கிளட்ச் காலை வாரிச்சுன்னா இவன் பின்பக்கமா வண்டியோட வந்து விழுவான். நான் எப்படிக் கொடுக்கிறது?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நல்ல மெக்கானிக் அப்படித்தான் பேசுவான். அவனுக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் நிற்கிறார், நிதானம் நிற்கிறான். வயர்லெஸ் எல்லாக் குடியிருப்புகளிலும் கேட்கும். எனக்குப் பின்னால் நர்ஸ் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி அந்தப் பெண்ணுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைப் பூட்டு. கிளட்ச்ல ஒண்ணுமே இல்ல. முதல் நாள்லேருந்து இல்ல. என் கைதான் போச்சு. மூணு வருஷமாச்சு."

பிறகு அவன் குரல் வந்தது. "நாப்பது நிமிஷத்துல கொடுத்துடறேன்." அதோடு வயர்லெஸ்ஸை வைத்துவிட்டான். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாலரை மணிக்கு எஞ்சின் சத்தம் முகாமுக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து கேட்டது. ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் நடந்தேன். நிதானம் வந்து சேர்ந்தபோது முழங்காலிலிருந்து கீழே ஒரே புழுதி. பெட்டியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "கிளட்ச் பூ மாதிரி இருக்குக்கா" என்றான். கிண்டலா, ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். நிதானம் அன்றே இறங்கிப் போய்விட்டான். நான் சூரியத் தகட்டை மருந்துப் பெட்டியோடு பங்கு போட்டு, இரண்டு நாள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். கொழுந்தன் என் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, பழுதான பாகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "மூணு நாளா என் தொழில் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு அண்ணி" என்றான். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

அறிக்கை எழுத அன்று மாலை முழுக்க ஆயிற்று. நாலு வரி எழுதுவேன், எழுந்து நடப்பேன். கிட்டே இருக்கும் ஒன்பது குடியிருப்புகளுக்கு மின்சார வண்டி எல்லா விதத்திலும் மேல். பாறையில் மேல், ஓடையில் மேல், சத்தத்தில் மேல். ஒன்பது பெரிதா இரண்டு பெரிதா என்று மனம் நச்சரித்தது. ஒன்பது என்று எழுதினால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. மேலே உள்ள இரண்டில் இருப்பவர்கள் சத்தமாகக் கேட்கிற ஆட்கள் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. கடைசியில், பதினொன்றுக்கும் போய்த் திரும்புகிற வண்டி பெட்ரோல் வண்டி என்று எழுதினேன். குறிப்புப் பகுதியில் கிளட்ச் பற்றி நான் எழுதியது பொய் என்றும், மெக்கானிக் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும், முதல் ஓட்டுநரின் இடது கை அந்த வண்டிக்கு உதவாது என்றும் எழுதினேன்.

பொறுப்பாளர் அம்மாள் இரண்டு முறை படித்தார். அப்படியென்றால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று ஆத்திரம் தீர அழுதேன்.

மின்சார வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுவாரம் திங்கட்கிழமை, இன்சுலின் எடுத்துக்கொண்டு நிதானம் கிளம்பினான். நான் மேசையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வண்டியின் சத்தம் அவ்வளவு லேசில் விடாது. எங்கே போகிறான் என்று சன்னலைப் பார்க்காமலே தெரிந்தது. சரளை மேடு, இரண்டாவது கியர். ஓடைக்குள் இறக்கம். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாவதில் எஞ்சின் திணறியது. அவசரப்பட்டு ஒரேயடியாக விடப் பார்க்கிறான், அணைந்துவிடும்.

"கொஞ்சம் கொஞ்சமா விடுடா" என்றேன், நான்கு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமிருந்து. என் இடது கை மேசைக்கு மேலே காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் அணையவில்லை. நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி. ஏழாவதைத் தாண்டிச் சத்தம் மலைக்குப் பின்னால் போய்விட்ட பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. வலது கையால் அதைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.