கனசாவாவில் எங்கட ஆக்கள்

"ஜப்பான் கனசாவாவில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நவரட்ணம் இந்த ஒரு வரியைத் தட்டிவிட்டபோது, அவருடைய மனைவி பேபி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்டிருந்தால் போனைப் பறித்திருப்பாள். காணவில்லை.

பொழுதுபடுவதற்குள் பதில் வந்துவிட்டது. இருந்தான் ஒருவன்.

பேபிக்கு விஷயம் தெரியவந்தது சனிக்கிழமைதான். ரொறன்ரோவின் மறுகோடியான ரெக்ஸ்டேலிலிருந்து வாகீசன் ஒரு மட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்காபரோவில் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். ஊர்ப் பெடியன், நவரட்ணத்தை அண்ணை என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுகிறவன்.

"என்ர தமையன்ர மகன் ஜதுர்சன் அங்கதான் வேலை செய்யிறான் அக்கா. உதுக்குள்ள அவனுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கிடக்கு. இனி நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஸ்டேஷனுக்கு வருவான். தன்ர அப்பார்ட்மென்ற்றிலயே தங்கட்டாம். சோறு கறி சமைப்பானாம். உங்களை ஒரு நிமிசமும் தனிய விடமாட்டன் எண்டவன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும், பெட்டியை வாங்க நீட்டிய கையைப் பேபி இழுத்துக்கொண்டாள்.

"நாங்கள் ஹொட்டேல் புக் பண்ணியாச்சு, தம்பி."

"ஹொட்டேலோ? எங்கட பெடியன் அங்க இருக்கேக்கயோ? நல்ல கதை. என்ர தமையன் கேள்விப்பட்டா என்ர தோலை உரிச்சுப் போடுவார். கான்சல் பண்ணுங்கோ அக்கா."

சோஃபாவில் இருந்த நவரட்ணம் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தேத்தண்ணி போடுறன்," என்றாள் பேபி. "இஞ்சாருங்கோ, மேல்தட்டில இருக்கிற பால்மாவை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

பால்மா கீழ்த்தட்டில்தான் இருந்தது. நவரட்ணத்துக்கும் அது தெரியும். எழுந்து வந்தார்.

சிட்னியில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். வழியில் ரோக்கியோவில் விமானம் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை இறங்கி, ரயில் பிடித்து, கனசாவாவில் சனியும் ஞாயிறும் நின்றுவிட்டுப் போகலாம் என்று கண்டுபிடித்தவள் பேபி. பனி விழுந்தால் கிளை முறியாமல் இருக்க மரங்களைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவைத்திருக்கும் ஒரு தோட்டத்தை யூடியூபில் பார்த்திருந்தாள்.

ஆனால் அவள் போகத் தவித்தது மரம் பார்க்க அல்ல.

லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, எல்லாம் போயிருக்கிறாள். எல்லா ஊரிலும் நன்றாகப் பார்த்தது யாரோ ஒரு சொந்தக்காரரின் சோஃபாக் கட்டிலைத்தான். சொந்தம் இருக்கிற ஊரில் ஹொட்டேலில் தங்குவது அந்தச் சொந்தத்தின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அதனால் இந்த வயதுவரை ஒரு ஹொட்டேல் அறையில் அவள் படுத்ததில்லை. கனசாவாவில் ஆற்றங்கரையோரம் ஒரு சின்ன விடுதியைப் பிடித்தபோது, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும் என்று அவர்கள் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் யோசித்தாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

கல்யாணம் கட்டி ரொறன்ரோவில் வந்து இறங்கியது, அவருடைய தம்பிமார் நிறைந்திருந்த ஒரு பேஸ்மென்ற்றில். தம்பிமார் போகப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது மகள் ஒஷாவாவில், மகன் வன்கூவரில். பிறம்ரனிலிருந்து லொறி ஓடிய நவரட்ணம் ஓய்வெடுத்துக்கொண்டு போனோடு குந்திவிட்டார். "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "கார்பேஜ் வெளியில வைச்சாச்சோ?" "ஓம்." அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

வேறு ஆட்களே இல்லாத ஓரிடத்தில் இரண்டு நாள் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். தங்களுக்குள் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லையா. இல்லையென்றால் இல்லைதான். தெரியாமல் இருப்பதுதான் அவளைத் தின்றது.

நவரட்ணம் உள்ளே வந்ததும் பேபி குசினிக் கதவைச் சாத்தினாள்.

"ஆரைக் கேட்டு குரூப்பில போட்டனீங்கள்?"

"சும்மா ஒரு துணைக்குத்தான். தெரியாத ஊரெல்லே."

"சிக்காகோவுக்குப் பனிப்புயலுக்குள்ள தனிய லொறி ஓடின ஆளுக்குத் துணையோ? என்னத்துக்குப் பயம்? உண்மையைச் சொல்லுங்கோ."

கேத்தில் கொதித்து அடங்கியது. நவரட்ணம் அதை எடுத்துக் கோப்பைகளில் ஊற்றினார்.

"ரெண்டு நாள், பேபி," என்றார். "நீரும் நானும் மட்டும். என்னத்தைக் கதைக்கிறது? மூண்டாம் ஆள் ஒருத்தர் இருந்தா ஏதோ கதை ஓடும். இல்லாட்டி நீர் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பீர். இந்த மனுசனோடயோ இவ்வளவு காலமும் இருந்தனான் எண்டு யோசிப்பீர்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இந்த மனுசனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். விடை வருமுன் தாளை மடித்துவிடப் பார்த்திருக்கிறார்.

"அப்பிடி நான் யோசிச்சாலும் பரவாயில்லை," என்றாள். "அதையும் அங்க போய் யோசிக்கிறன். இப்ப வெளியில போய் அந்தப் பெடியனிட்டச் சொல்லுங்கோ."

"என்னெண்டு?"

"உள்ளதை."

பொய் சொல்வதானால் ஆயிரம் இருந்தது. முழங்கால் வருத்தம், விமானம் மாறிவிட்டது, ரயில் இல்லை. ஊர்ச் சங்கத்தில் மானத்தோடு தப்பிக்க ஏதாவது ஒன்று போதும். நவரட்ணம் வெளியே போனார். பேபி தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்றாள்.

"வாகீசன், குறை நினையாதையும். பார்சலைக் கட்டாயம் கொண்டுபோறம். ஜதுர்சன் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கட்டும். பேந்து அவர் தன்ர பாட்டில போகட்டும்." தொண்டையைச் செருமினார். "நாங்கள் ரெண்டு பேரும் தனிய நிக்கப் போறம்."

வாகீசன் அவரைப் பார்த்தான். பேபியைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"அறுபத்திரண்டு."

"சரி," என்றான். சிரிப்பை அடக்க, பேபி நீட்டிய கோப்பையை வாங்கி வாயில் வைத்தான். தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

அவனுடைய கார் தெருமுனை திரும்பியிருக்காது, குழு கிணுகிணுக்கத் தொடங்கியது.

"சங்கத்து ஜெனோசன் கேக்கிறான், தேன்நிலவோ எண்டு," என்றார் நவரட்ணம். காது சிவந்திருந்தது.

"கேக்கட்டும்."

 அவர் பயந்த அந்த அமைதி, கனசாவாவுக்குப் போகாமலே மேசையில் வந்து இருந்துகொண்டது. பேபி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள். இனி அவர் போனைத் தூக்கிக்கொண்டு சோஃபாவுக்குப் போவார் என்று காத்திருந்தாள்.

"அந்தத் தோட்டம் பெரிசோ?" என்றார் அவர்.

"பெரிசுதான் போல. ஏன்?"

"உமக்கு அவ்வளவு தூரம் நடக்கேலாது."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? குளிர் தொடங்கினதில இருந்து ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வைச்சுத்தானே மாடிக்கு ஏறுறீர். உடுப்புக் கூடையையும் இழுத்துக்கொண்டுதானே போறீர்."

அவள் அதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் போனுக்குள் முகத்தைப் புதைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் படியேறுவாள்.

"டொக்டரிட்டக் காட்டினீரோ?"

"இல்லை."

"ஏன்?"

அது கொஞ்சம் நீளமான கதை. பேபி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினாள்.