கொடியில் காய்ந்த கைலிகள்

ஏழு கடலையும் கட்டியாண்ட பேரரசின் படையை நெசவாளர் தெருவின் கந்தல் கைலிகள் சில தடுத்து நிறுத்தின. துப்பாக்கிகள் நாணித் தலைகுனிந்தன. ஐராவதியாறும் அதைக் காணும் ஆவலில் ஒரு நாழிகை ஓடாது நின்றது. நம்பாவிடில் நகையுங்கள், கற்றறிந்தீர், நகைத்துவிட்டுக் கேளுங்கள்.

இளவெயில் ஆற்றுமணலைப் பொன்னாக்க, புளியமரங்களினூடே பௌத்தக் கோயிலின் மணியோசை தவழ்ந்துவர, என்றும் தறியொலியால் அதிரும் அத்தெரு அன்று மூச்சடக்கிக் கிடந்தது. தலைவரி கொடோம் என்று பெண்கள் கூடி உறுதிபூண்டிருந்தனர். ஈடாகத் தறிகளைப் பறிக்கக் காவலர் வந்துகொண்டிருந்தனர். கைம்பெண் மா நின்யீக்கு இரட்டை அச்சம்: சோறிடும் தறி ஒருபுறம், படையின் முன்வரிசையில் அவள் தூக்கி வளர்த்த தம்பி பா தூன் மறுபுறம்.

“உடுத்துன கைலியாக் கொண்டாங்கடி!” என்றாள் சுருட்டும் வாயுமாய் மீன் விற்கும் டோ ஓன்கின். “தெருவுக்குக் குறுக்கே கட்டுங்க. எந்த ஆம்பளை அடியில நுழையிறான்னு பாப்போம்.”

பெண்ணின் கீழுடையான கைலிக்கு அடியில் தலைகொடுத்தவனின் வீறு அழியும் என்பது அங்கே தாய்ப்பாலோடு ஊட்டப்படும் நம்பிக்கை. நின்யீ தன் கைலியைத் தராமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என் தம்பியும் வர்றானே, அக்கா! அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?”

“நம்மளக் கீழ வைக்க ஆம்பளைங்க கட்டுன கதைடி அது. இன்னிக்கு ஒரு நாள் நமக்கு உழைக்கட்டுமே!”

தெருவுக்குக் குறுக்கே கைலிகள் தொங்க, படை வந்தது. வெள்ளைத் துரை கைலிகளைத் தடியால் ஒதுக்கிக் கடந்தான். பின்தொடர ஒருவரும் இலர். “வெறுந்துணிக்கா இம்புட்டுப் பயம்?” என்று நகைத்து, ஆங்கிலம் கற்ற பா தூன் காலைத் தூக்கினான்.

“வராத தம்பி! அழிஞ்சு போயிருவடா!”

அன்பின் நடுக்கத்தால் அவள் அலறிய அச்சொல், காவலர் செவியில் கொற்றவையின் கூக்குரலாய் விழுந்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது, மெல்லப் பின்வாங்கியது, அதன்பின் படை ஓடிய புழுதியன்றி எதுவும் தெரியவில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுபோல் பெண்கள் நடுவே தனித்து நின்ற துரையின் முகத்தில் ஓன்கின் நிதானமாகப் புகை ஊதினாள். தறிகள் பிழைத்தன.

ஆண்டுகள் உருண்டன, துரைமார் கப்பலேறினர். பா தூன் மட்டும், “கதை விடாதக்கா. வெயில் தாங்கல, திரும்பினோம்” என்று மறுத்தே வந்தான்.

ஒரு மாலை, நரைத்த தலையோடு தமக்கை வீட்டு முற்றத்திற்கு வந்தவன், கொடியில் அவள் கைலி காய்வதைக் கண்டு, கோழிக்கூட்டையும் குப்பைமேட்டையும் சுற்றிக்கொண்டு, கணுக்கால்வரை சேறாக வந்து நின்றான்.

அவள் அச்சேற்றையே பார்த்தாள். “வெறுந்துணிதானே, தம்பி?”

“சரி, நடந்துச்சு,” என்றான் அவன். “காலு இன்னும் நடுங்குதுக்கா.”