பிஞ்சுக்காயில் தெரிந்த கோடு

முளைக்கப்போகும் செடிக்குத் தேவையான புரதத்தை, காப்பி விதை முற்றத் தொடங்கிய பிறகுதான் சேர்த்து வைக்கிறது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதனால் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் தகட்டில், பிஞ்சுக்காயின் சாறு ஓடிய வரிசையிலும் அந்தப் புரதத்தின் கோடு தெரிந்தபோது ஆய்வாளரான அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தின் தலைவர் ஜெல்லின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாநாட்டுல இதை நீங்களே பேசுங்க" என்றார்.

இன்னொரு தடவை செய்து பார்க்கும் வேலையை அவள் தன் நாத்தனாரிடம் கொடுத்தாள். பிள்ளை பெற்று அண்ணன் வீட்டோடு இருந்தவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். நாத்தனார் செய்தாள், கோடு வரவில்லை. மறுபடி செய்தாள், அப்போதும் வரவில்லை.

"பிஞ்சுல ஒண்ணுமே இல்ல அண்ணி. முத்தின விதையில மட்டும்தான் வருது."

மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"சமையல்ல உப்பு மறந்தா அப்புறமா போட்டுக்கலாம். இது சமையலறை இல்லம்மா. கை பழகலன்னா சொல்லிடு, வேற ஆளைப் பார்த்துக்குறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனாள்.

செய்துகாட்டி நாத்தனாரின் வாயை அடைத்துவிடலாம் என்று அவளே உட்கார்ந்தாள். ஜெல்லின் குழிகளில் நீலச் சாயம் கலந்த சாற்றை ஒவ்வொன்றாக நிதானமாக இறக்கினாள். கடைசியில் படத்தைப் பார்த்தால், பிஞ்சின் வரிசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

முகம் காதுவரை சுட்டது. காரணம் அவளுக்குத் தெரியும். முதல் தடவை, முற்றிய விதையின் சாற்றை விடும்போது கை தவறி, நீலம் குழிகளுக்கு நடுவே இருந்த தடுப்பைத் தாண்டிப் பிஞ்சின் குழிக்குள் இறங்கியது. பார்த்தாள். கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டாள். கோடு தெரிந்த பிறகு அதை மறந்துபோனாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

தலைவரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர், "பேச்சு இல்லன்னு மாநாட்டுக்காரங்களுக்கு நானே சொல்லிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாத்தனாரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சுடும்மா."

நாத்தனார் சாலையைப் பார்த்தபடியே இருந்தாள். "கார்ல சொல்றீங்க அண்ணி. என்னைத் திட்டினது கார்லயா?"

சாப்பிடும்போது கணவன், "என்ன, அண்ணியும் நாத்தனாரும் இப்படி உம்முன்னு இருக்கீங்க? பயமா இருக்கே!" என்று கேலி செய்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் எல்லோரும் வரும்வரை காத்திருந்து, நடுக்கூடத்தில் நின்றாள்.

"அவ செஞ்சது சரி. சிந்தினது நான். சிந்தினதைப் பார்த்துட்டும் மறைச்சேன். அந்தப் பழியையும் அவ மேலயே போட்டேன்."

அன்று சிரித்தவர் தரையைப் பார்த்தார். நாத்தனார் மட்டும் நேராகப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஜெல்லை நான் போடுறேன். நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க அண்ணி."

அண்ணி ஜன்னலோரம் போய், புதிதாக வந்த காய்களை வயதுவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தாள். மதியம்வரை தலை நிமிரவில்லை.