வெளி, உள், தனி

காலையில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. குடங்களில் பிடித்து வைத்தேன். பல் துலக்கினேன். சவரம் செய்தேன். அத்தை தோசை வைத்தார், சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டிலிருந்தே வேலை. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பழைய கணினிகளை ஒரே புது சர்வருக்குள் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பல கணினிகள் ஓடும், எதற்கும் உடம்பு கிடையாது. அவற்றை இணைக்கும் ஸ்விட்ச்சும் அப்படித்தான். பெட்டி இல்லை, ஒயர் இல்லை. பெயர் கொடுத்து உண்டாக்க வேண்டும். மூன்று வகை. வெளி, உள், தனி என்று பெயர் வைத்தேன்.

"மாப்ள, சாயங்காலம் இண்டூர்ல இருந்து பெரியவங்க வந்துருவாங்க. வெள்ளைச் சட்டை தேச்சு வெச்சிருக்கேன்" என்றார் அத்தை.

தலையாட்டினேன். வெற்றிலை பாக்கு மாற்றப் போகிறார்கள். எனக்கும் சந்தியாவுக்கும். சந்தியா ரேவதியின் தங்கை.

ரேவதி என் மனைவி. தை மாதம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எங்கள் காரில் ஏறியது. எனக்குக் கை உடைந்தது. அவள் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள். கடைசியாகச் சந்தியா பேரைச் சொன்னார் என்று ஆம்புலன்ஸ் ஊழியர் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். மீதியை அத்தை சேர்த்துக்கொண்டார். பால் ஊற்றிய அன்றே அது ஊருக்கே தெரிந்திருந்தது: 'சந்தியாவைக் கட்டிக்கோங்க' என்று சொல்லிவிட்டுத்தான் ரேவதி கண்ணை மூடினாள்.

அப்போது நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கை கூடும்வரை சமைத்துப்போட அத்தையும் மாமாவும் சந்தியாவும் வந்தார்கள். கை கூடிவிட்டது. யாரும் திரும்பிப் போகவில்லை.

'வெளி' ஸ்விட்ச்சை உண்டாக்கினேன். அந்தத் திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால்தான் சர்வரும் அதே ஒயரைப் பயன்படுத்த முடியும். எங்கள் சர்வருக்கு இருப்பது ஒரே ஒயர். கவனமில்லாமல் டிக்கை எடுத்துவிட்டு ஓகே அழுத்திவிட்டேன்.

திரை உறைந்தது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போகத்தான் வழி இல்லை. நேரில் போய் அதன் முன்னால் உட்கார வேண்டும்.

"காலேஜ் வரைக்கும் போயிட்டு வர்றேன், அத்தை."

"சந்தியாவையும் கூட்டிட்டுப் போங்க. வரும்போது பூ வாங்கிட்டு வரட்டும்."

பைக்கில் போனோம்.

சர்வர் அறையில் ஏசி குளிர். டிக்கைத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது. பிறகு 'தனி'யை உண்டாக்கினேன். சந்தியா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு மாமா?"

"ஆன்லைன் பரீட்சைக்கு. இதுல இருக்குற கம்ப்யூட்டருங்க தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கும். வெளிய யாருக்கும் கேக்காது. வெளியில இருந்தும் எதுவும் வராது."

"நம்ம வூடு மாதிரி."

'தனி'யைச் சேமித்தேன்.

"உங்களுக்கு இதுல இஷ்டமா மாமா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. நேத்தே அம்மாகிட்ட சொன்னேன். செத்தவ பேச்சை மீறுவியாடின்னு அழுவுறாங்க. அதுக்கு மேல எங்க பேசறது?" நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆம்புலன்ஸ்ல நீங்கதானே கூட இருந்தீங்க. அக்கா என்னைக் கட்டிக்கச் சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன என்னதான் சொன்னா?"

வாயைத் திறந்தேன்.

அவள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து, கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு மட்டும் சொன்னா பத்தாது. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மணி அடித்தது. அத்தை எடுத்தார்.

"என்னடி, பூ கெடச்சுதா?"

"மாமா பேசறாரும்மா."

"சொல்லுங்க மாப்ள."

திரையைப் பார்த்தேன். கட்டத்தில் டிக் இருந்தது.

"அத்தை, ரேவதி கல்யாணத்தைப் பத்தி எதுவும் சொல்லல."

"என்ன மாப்ள இப்படிச் சொல்றீங்க? சந்தியா பேரைச் சொன்னாளாமே. கூட இருந்த ஆளு சும்மாவா சொல்லுவாரு?"

"பேரைச் சொன்னா. அவ சொன்னதை அப்படியே சொல்றேன், கேளுங்க."

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸில் கேட்ட அதே வேகத்தில், அதே இடங்களில் நிறுத்திச் சொன்னேன்.

"அடிபட்டதைச் சந்தியாகிட்ட இப்ப சொல்லிராதீங்க. நாளைக்கு அவளுக்கு பெங்களூர்ல இண்டர்வியூ. அவ போயிட்டு வரட்டும்."