வெள்ளச்சிக்கு வெளியூர்க் கிடா

பிள்ளைப்பாக்கம் அப்பாவு ஒரு ஆட்டை விலைக்குப் பார்த்தால் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டார். அதன் அப்பன் யாரென்று கேட்பார். அந்த அப்பனுக்கு அப்பன் யாரென்று கேட்பார். விற்க வந்தவன் தலையைச் சொறிந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. "வம்சம் தெரியாத ஆட்டை வாங்கறதும், வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில வுட்டுக்கறதும் ஒண்ணுதான்" என்பார்.

அவர் மகள் அம்சவேணிக்கு இந்தப் பேச்செல்லாம் மனப்பாடம். தழை ஒடிப்பதும், கொட்டாய் கூட்டுவதும், புழுக்கை அள்ளுவதும் அவள். கண்காட்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மீசையை முறுக்குவது அவர். உலகத்தில் எந்த வேலைதான் வேறு மாதிரி பங்கு பிரிந்திருக்கிறது?

அப்பாவுவின் பெருமையெல்லாம் துரை என்ற கிடாதான். வடநாட்டிலிருந்து வந்த ஒரு லாரிக்காரரிடம் குட்டியாக வாங்கிய ஜமுனாபாரி ஜாதி. நின்றால் கன்றுக்குட்டி உயரம், வளைந்த கிளிமூக்கு, தாடைக்குக் கீழே தொங்கும் காது. கருவேல முள்ளில் கிழிந்துவிடக் கூடாதென்று மேய்ச்சலுக்குப் போகும்போது அந்தக் காதுகளைத் துணியால் தலைக்கு மேல் முடிந்துவிடுவார்கள். துரைக்குப் பிறந்த பெட்டைக்குட்டி வெள்ளச்சி. ஈன்ற ஆடு செத்துப்போனதால் அம்சாவே புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். கூப்பிட்டால் வெள்ளச்சி திரும்பிப் பார்க்காது, ஓடியே வந்துவிடும்.

வளைகுடாவில் சண்டை, பெட்ரோல் விலை ஏறப்போகிறது என்று டீக்கடை ரேடியோக்களெல்லாம் அலறிக்கொண்டிருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷத் தை மாதம். ஸ்ரீபெரும்புதூரில் கால்நடைக் கண்காட்சி. அப்பாவு துரையைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி ஓட்டிப்போனார். வெள்ளச்சியின் கயிறு அம்சா கையில். பக்கத்தில் தண்டலம் சுப்பன் ஒரு கிடாக்குட்டியோடு நின்றிருந்தார். பங்காளி முறை. ஆடு வளர்ப்பில் அப்பாவுவை எட்டிப் பிடிக்க வேண்டுமென்று வருஷக்கணக்காக மூச்சு வாங்குகிறவர். குட்டி உயரமாகத்தான் இருந்தது. வாய்தான் கோணல். கீழ்த்தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்பாவு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவர் ஜாதகத்தில் இல்லை.

"இன்னா சுப்பா, மேல்தாடை கெழக்க போவுது, கீழ்த்தாடை மேற்க போவுது? இதுக்கு அப்பன் எது?"

"நம்ம பெரிய கெடாதாண்ணே."

"ஆத்தா?"

சுப்பன் குனிந்து குட்டியின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"அதுவும் அந்தக் கெடாவோட குட்டிதானே? அப்பன் மேலயே பொண்ணை வுட்டுட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல? கெடாவுக்குத்தான் அறிவில்ல, கவுறு புடிக்கறவனுக்குமாய்யா இல்ல?"

சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுப்பன் குட்டியை இழுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் ஒதுங்கிப்போனார். அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதல் பரிசு துரைக்கு. ஒரு எவர்சில்வர் குடம். அதன் கழுத்தடியில் 'சிறந்த பொலிகிடா, முதல் பரிசு' என்று பெரிதாக எழுத்து வெட்டியிருந்தது. இனத்துக்கு விடும் கிடாவைப் பொலிகிடா என்பார்கள். படப்பையிலிருந்து வந்திருந்த ஜெபதாஸ் அப்பாவுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் அதே ஜாதி ஆடு வளர்ப்பவர். வெள்ளச்சி பருவத்துக்கு வந்ததும் தன் கிடாவிடம் ஓட்டி வரச் சொன்னார். "ஒங்க ரத்தமும் எங்க ரத்தமும் சேந்தா குட்டி மெட்ராஸ் வரைக்கும் பேசும்" என்றார். அப்பாவுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, குடத்தை நடுக்கூடத்தில் வைத்து, சுப்பனைக் கேலி செய்த அதே வாயால் மனைவியிடம் சொன்னார்: "கோவிந்தம்மா, இந்தக் கொடத்தையே சீருல வெச்சிடலாம். ஒன் தம்பிக்குச் சொல்லி அனுப்பு. பங்குனில முடிச்சிடலாம்."

அம்சா அப்போது ஆட்டுக்கு அகத்தி கட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

கோவிந்தம்மாவின் தம்பி பரசுராமன், அம்சாவுக்குத் தாய்மாமன். கெட்டவன் இல்லை. ஒரு கம்பெனியில் ஷிப்ட் போகிறான், பீடிகூடக் குடிக்கமாட்டான். ஆனால் அவன் தோளில் உட்கார்ந்து அவள் திருவிழா பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவன் மூக்குச் சிந்திவிட்டிருக்கிறான். அவனைப் போய்ப் புருஷன் என்று நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கோவிந்தம்மாவே அப்பாவுவுக்குச் சொந்த அக்கா மகள். அந்தக் கல்யாணத்தில் பிறந்த மூத்தவள் சின்னப்பொண்ணுவுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. அவளுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் முகம் பார்த்துச் சிரிக்கும் முன்னாலேயே ஏரிக்கரை இடுகாட்டுக்குப் போய்விட்டன. 'சாமி குத்தம்' என்றார்கள். வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். ஆட்டுக்குட்டி கோணலாகப் பிறந்தால் மட்டும் யாரும் சாமியைக் கேட்பதில்லை.

அம்மாவிடம் அழுது பார்த்தாள். "ஏரிக்கு அந்தாண்ட கம்பெனிக்காரங்க எடம் பாக்கறாங்களாம். ஒங்கப்பன் நெலமும் எந்தம்பி நெலமும் ஒரே வரப்பு. வெளிய கட்டிக் குடுத்தா எவனோ வந்து பங்கு கேப்பான்" என்றாள் கோவிந்தம்மா. அதைச் சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்னது அவள் வாய், சொல்லிக்கொடுத்தது யாரென்று அம்சாவுக்குத் தெரியாதா?

அப்பாவிடம் நேராகவே கேட்டாள்.

"ஏம்பா, வெள்ளச்சிய மட்டும் படப்பைக்கு ஓட்டிக்கினு போற? நம்ம தொரை வூட்லயேதானே கீது?"

"அறிவுகெட்டவளே! சொந்த ரத்தம் சேந்தா வம்சம் நாசமாப் பூடும். வெளி ரத்தம் வரணும்."

"அப்ப நான்?"

அப்பாவுவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கை ஓங்கினார். "ஆடும் மனுசனும் ஒண்ணாடி? முறை மாமன் கையப் புடிக்கக் குடுத்து வெச்சிருக்கணும்!" அடி விழவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு செத்துப்போனது.

மாசி பிறந்ததும் வெள்ளச்சி பருவத்துக்கு வந்தது. தழையைத் தொடாமல் வாலை ஆட்டிக்கொண்டு கத்தத் தொடங்கியது. அப்பாவு குதூகலமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு படப்பைக்குக் கிளம்பினார். ஜெபதாஸிடம் சொல்லி ஒரு டெம்போ பிடித்து வரவேண்டும், இவ்வளவு அருமையான ஆட்டை நடத்தியா கூட்டிப்போவது! போகும்போது துரையின் தடுப்புக்குக் கழி போட்டிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

மத்தியானம். கோவிந்தம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்சா கொட்டாய் வாசலில் வெகுநேரம் நின்றாள். வெள்ளச்சி அவள் பாவாடையை முகர்ந்து முகர்ந்து கத்தியது. "நீயாவது எம்மேல கோச்சுக்காதடி" என்று சொல்லிவிட்டுக் கழியை உருவினாள். திரும்பினால் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது, மற்றவர்கள் காதால் கேட்பதைவிட அதிகமாக அவள் கண்ணால் கேட்பவள். துரையைப் பார்த்தாள், வெள்ளச்சியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பிறகு அம்சாவின் கையிலிருந்த கழியை வாங்கி மூலையில் சாத்தி வைத்தாள்.

அப்பாவு டெம்போவுக்குச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். துரையின் கவிச்சை வெள்ளச்சியின் முதுகெல்லாம் அப்பியிருந்தது. கொட்டாய்க்குள் நுழைந்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு கழிய எடுத்தது?"

"நான்தான். வுட்டுட்டேன். சொந்தத்துலதானேப்பா? தப்பா?"

இந்த முறை அடி விழுந்தது. கோவிந்தம்மா வந்து விலக்கும் வரைக்கும் விழுந்தது. உதடு கிழிந்த நிலையிலும் அம்சா பேச்சை விடவில்லை. "பரசு மாமனுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பு. இல்லாட்டி தண்டலத்துக்கு நடந்தே போயி சுப்பன் சித்தப்பாகிட்ட சொல்லுவேன். அப்பாவு வூட்டு ஆடும் அப்பன் மேல வுட்ட ஆடுதான்னு சொல்லுவேன். நீ இல்லன்னு சாதிச்சாலும் குட்டி வுழும்போது அது தாடை சொல்லும்."

அப்பாவுவின் கை இறங்கியது. அவர் முகத்தில் பயத்தை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள், பாவம். அப்பாவு கட்டிலில் உட்கார்ந்து ஆட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒரு ஈத்து போனால் அடுத்த ஈத்து என்று எந்த ஆட்டுக்காரனும் நினைப்பான். அவரும் நினைத்திருப்பார், நடுவில் சுப்பனின் முகம் வராமல் இருந்திருந்தால். டெம்போ வேண்டாமென்று மறுநாளே ஆள் அனுப்பினார். ஆட்டைப் பாம்பு கடித்துவிட்டதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் வீட்டார் கை நனைக்க வருவதாக ஏற்பாடு. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது, அப்புறம் கடவுளே வந்தாலும் கலைக்க முடியாது. அப்பாவு அதைத் தள்ளிப்போடவில்லை. பங்காளிகளையும் அழைத்தார். சுப்பனை நேரில் போய், பழசையெல்லாம் மறந்துவிடச் சொல்லி அழைத்தார்.

ஞாயிறு காலை அம்சா தழை ஒடித்துக்கொண்டு வந்தாள். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. பின்பக்கம் முருங்கை மரத்தில் வெள்ளச்சி தலைகீழாகத் தொங்கியது, பாதித் தோல் உரிந்து. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட்டோம் என்றே அவளுக்கு உறைத்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவு நிமிராமல் சொன்னார்: "இப்ப போயி சொல்லு சுப்பன்கிட்ட. எந்தத் தாடையக் காட்டுவ?"

பந்தியில் குழம்பு ஊற்றும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். மணப்பெண் கையால் பரிமாறினால் விசேஷமாம். உதட்டுக் காயத்துக்கு மஞ்சள் பூசி, படியில் விழுந்துவிட்டாள் என்று கோவிந்தம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பரசுராமன் தலை குனிந்து சாப்பிட்டான். அவன் கை நனைந்துவிட்டது. எல்லோர் கையும் நனைந்துவிட்டது. சின்னப்பொண்ணு மட்டும் இலை முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவண்ணே, கறி பஞ்சாட்டம் கீது" என்றார் சுப்பன். "ஏது ஆடு?"

"வூட்டு ஆடுதான், துண்ணுய்யா."

அம்சா கரண்டியோடு அவர் முன்னால் நின்றாள். "வெள்ளச்சி, சித்தப்பா. தொரையோட பொண்ணு. தொரைகிட்டயே வுட்டாச்சு. வெளிய தெரிஞ்சா மானம் போவும்னு அறுத்துட்டாங்க."

சுப்பன் இலையைப் பார்த்தார், அப்பாவுவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தை மாதத்திலிருந்து அடைத்துவைத்திருந்த சிரிப்பு. "யோவ் அண்ணே! கெடாவுக்குத்தான் அறிவில்ல, கவுறு புடிக்கறவனுக்குமா இல்ல?" பந்தி முழுக்கப் பற்றிக்கொண்டது. பரசுராமனுக்குச் சிரிப்பில் புரையேறியது. அப்பாவு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். காது மடல்வரை சிவந்துபோயிருந்தது.

அம்சா காத்திருந்தாள். இவ்வளவு பேரில் ஒருத்தராவது ஆட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தன்னைப் பார்ப்பார், இந்தப் பெண்ணை எங்கே கொடுக்கிறோம் என்று யோசிப்பார் என்று காத்திருந்தாள். அப்பன் தலை குனிந்ததே, அது தனக்காக இல்லை, ஆட்டுக்காக என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சுப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைக் காட்டினார். "சரி வுடு, ஆடு போனா போவுது. பொண்ணையாவது ஒழுங்கா சொந்தத்துலயே குடுக்கறியே, அத்த சொல்லு. வெளிய குடுத்தா இன்னா ரத்தமோ, இன்னா வம்சமோ, யாரு கண்டா? நீ இன்னொரு கரண்டி ஊத்தும்மா."

ஊற்றினாள்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எவர்சில்வர் குடம் போனது. சின்னப்பொண்ணுதான் அதைத் தலையில் சுமந்து போனாள். 'சிறந்த பொலிகிடா, முதல் பரிசு' என்று வெட்டியிருந்த எழுத்தைத் தேய்த்து அழிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.