முதலில் ஏறுகிறவள்

கம்பெனி வேன் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்பும். அதனால் முதல் ஆளாக நான்தான் ஏறுவேன். டிரைவர் முனிராஜ் அண்ணன் தினமும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அப்படியும் அந்த மாதம் அடிக்கடி பஞ்சர் ஆனது.

"கெசியா பாப்பா, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நீ மொதல்ல ஏற வேணாம். அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து வந்துரு. ரூபி ஏறின பொறவு ஏறிக்க," என்றார் ஒருநாள்.

தலையாட்டினேன். அந்த நேரத்தில் ஓசூருக்கு வேறு பஸ் கிடையாது. இந்த வேலை போனால் நூல் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அங்கே போன அக்காவைக் கிறிஸ்துமஸுக்குக்கூட விடவில்லை.

மறுநாள் ரூபி ஏறினாள், பிறகு நான். பேரண்டப்பள்ளி தாண்டியதும் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். கழற்றிப் போட்ட டயர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது.

"இன்னைக்கு மொதல்ல ஏறினது ரூபிதானே?" என்று சிரித்தாள் சௌமியா அக்கா.

"அவ என்ன பண்ணுவா? பின்னாடியே இவ ஏறினா இல்ல," என்றாள் பாப்பம்மா அக்கா.

லேட்டாகப் போனதால் கம்பெனியில் எல்லோருக்கும் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள். சாயங்காலம் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. இறங்கும்போது முனிராஜ் அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு நாள் வராம இரு பாப்பா. பாத்துக்கலாம்."

அடுத்த நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹாரன் சத்தத்தைக் கேட்டேன். வேன் பஞ்சர் ஆக வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். நான் இல்லாமலும் பஞ்சர் ஆனால்தான் என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் ரூபி வந்தாள்.

"ராத்திரியே புது டயர் மாட்டிட்டாருடி. வண்டி சும்மா பறக்குது. நீயும் இல்ல. ஒண்ணுமே ஆகல."

"டயர் மாத்தினதாலதான் ஆகல."

"இருக்கும்," என்றாள். ஆனால் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "உன் சீட்டுக்கு வேற பொண்ணு வருதாம்."

அம்மா பரண் மேலிருந்து அக்காவின் பழைய பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

மில்லுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான். எனக்கு முன்னால் யாராவது ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.