ஆறு மணிக்குள் வீடு

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நார்ஃபக் துறைமுகத்தில் ரொட்டி வாங்கிவரக் கிளம்பிய கர்டிஸ் பூன், மாலை ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இருநூறு மைல் தள்ளி, ஷெனண்டோவா பள்ளத்தாக்கில், மெர்ல் ரெக்ஸ்ரோடின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். கடையை விட்டுப் புறப்பட்டதும் ஸ்டியரிங் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தால் மிதிபட்டது, கார் மட்டும் நிற்கவில்லை. டயர் சத்தம் கேட்டு மெர்ல் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து நம்பர் பலகையைப் பார்த்தார். மகள் லேசியின் எழுத்துகளேதான்: 'ஆறு மணிக்குள் வீடு.' ஆனால் அது இருந்தது ஒரு சின்ன சாம்பல் நிறக் காரில். இறங்கியவர் ரொட்டிப் பையோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர். மெர்ல் அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை. நம்பருக்குப் பதிலாக ஏழு ஆங்கில எழுத்துக்குள் இஷ்டப்பட்டதைச் சுருக்கி எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு உண்டு. எழுதியது வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். 'சேறு போதாது' என்று எழுதிய டக் ஷிஃப்லெட்டின் வண்டியை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் கதவுவரை சேறு இருக்கும், ஆகஸ்டு வறட்சியிலும். 'கோழிக்காரி' என்று எழுதியவளின் பிக்கப் வண்டியில், பின்தொட்டியில், தினமும் காலையில் நாலு முட்டை கிடக்கும். இதெல்லாம் பலகையின் மூலையில் ஒட்டும் வருட ஸ்டிக்கர் காலாவதியாகும் வரைதான். ஸ்டிக்கர் முடிந்தால் சேறும் கிடையாது, முட்டையும் கிடையாது.

லேசி வெல்டிங் வேலை செய்தாள். ஓய்ந்த நேரமெல்லாம் டக்கின் கூட்டத்தோடு பிக்கப்பை மலைச் சேற்றில் இறக்கி ஏற்றுவதுதான் அவள் பொழுதுபோக்கு. தாயில்லாப் பெண், இருபத்தேழு வயது. ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இல்லையென்றால் ஆறு ஐந்துக்கு மெர்ல் போனைப் போடுவார். "உன் தொல்லைக்கு இதோட முடிவுப்பா" என்று சிரித்துக்கொண்டுதான் அந்தப் பலகையை வாங்கினாள். அன்றிலிருந்து வண்டி ஒருநாளும் பிந்தவில்லை. ஒரு ஜனவரியில் இடுப்பளவு பனியை உழுதுகொண்டு, ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கும் லேசியோடு வந்து சேர்ந்தது. இன்னொரு முறை பட்டறையில் எஞ்சின் சங்கிலியில் தொங்க, மீதி வண்டி மட்டும் நாலு மைல் உருண்டு வந்தது, மெக்கானிக் பின்னால் ஓடிவந்தான்.

கர்டிஸ் வந்து நின்ற அக்டோபருக்கு முந்தைய மார்ச்சில் அவள் டவுனில் தனி வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். மெர்லுக்கு நெஞ்சில் குத்தியது. வாய் வேறு மாதிரிப் பேசியது. "போ, போ. நான் இல்லாம ஒரு காகிதம் உன்னால ஒழுங்கா வச்சிருக்க முடியுமா?" அந்த வாரமே ஸ்டிக்கர் புதுப்பிக்கும் கவர் தபாலில் வந்தது. வழக்கமாக மறுநாளே அனுப்பிவிடுகிறவர், அதை விதைக்கடைப் புத்தகத்துக்குள் செருகி வைத்தார். வந்து கேட்கட்டும் என்ற வீம்பு. மார்ச் முடிந்தது, ஸ்டிக்கரும் முடிந்தது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை டக்கின் கூட்டத்தோடு மலைக்குப் போனவள், மழையில் பெருகிய ஆற்றைத் தாண்டி மற்றவர்கள் திரும்பிய பிறகும் அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஆறு மணிக்கு முற்றத்தில் சத்தம் இல்லை. ஷெரிஃபின் போலீஸ்காரர்கள் பத்தொன்பது நாள் தேடினார்கள். வண்டியும் கிடைக்கவில்லை, அவளும் கிடைக்கவில்லை. கவரைப் பற்றி மெர்ல் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

புதுப்பிக்காத எழுத்துகளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். முப்பது வருடம் கடற்படையில் இருந்து எதற்குமே நேரத்துக்கு வீடு சேராத கர்டிஸ், ஓய்வுபெற்றதும் மனைவி இவோனுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதை வாங்கினார். எழுத்துகளுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். பலகையைக் கழற்றிப் பார்த்தார், காலையில் மறுபடி மாட்டியிருந்தது. பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தால்தான் விடும். இவோனுக்காக வாங்கியதை விட அவருக்கும் உடனே மனம் வரவில்லை; தினமும் தானே கிளம்பும் காரில் ஏறி வந்துபோனார். ஒப்படைத்துவிடும்படி முதல் நாளே மெர்ல் கேட்டிருக்கலாம். ஆறு மணிக்கு ஜல்லியில் டயர் நெரியும் சத்தத்தை விட மனமில்லாமல் ஒன்பது நாள் கேட்காமலே இருந்தார். பத்தாம் நாள் மெர்லின் சாப்பாட்டு மேசையில் கர்டிஸ் பொறுமையிழந்தார்.

"என்னங்க இது, பெண்டாட்டியோட உக்காந்து சாப்பிட்டுப் பத்து நாளாச்சு. உங்க வீட்டு முற்றத்துக்கு வரணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

மெர்ல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லேசியோட ஸ்டிக்கர் கவரை ஒளிச்சு வச்சது நான்தான். அனுப்பியிருந்தா வண்டி ஆத்தைப் பொளந்துக்கிட்டு வந்திருக்கும். எம் பொண்ணு வந்திருப்பா."

கர்டிஸ் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். நீங்க வாங்கிக்குங்க. ஆனா வண்டி மட்டும் வந்தா தாங்குவீங்களா?" என்றார்.

"தாங்க மாட்டேன். வரட்டும்."

காணாமல்போன வண்டிக்கு மெர்ல் அதுவரை இன்சூரன்ஸ் கட்டிவந்திருந்தார், வண்டிப் பத்திரத்தில் அவர் பெயரும் இருந்தது. பதிவு அலுவலகத்துப் பெண், "வண்டி இப்ப எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். "வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கும்மா" என்றார். அவள் முத்திரை குத்தினாள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பலகைகள் தபாலில் வந்தன. மாட்ட வண்டி இல்லை. சமையலறை மேசையில் வைத்து, ஸ்டிக்கரை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

அன்று ஆறு மணிக்கு லேசியின் பிக்கப் வந்தது. முன்கண்ணாடி இல்லை, எஞ்சின் முழுக்க மணல், பின்தொட்டியில் முழங்கால் தண்ணீரில் மூன்று மீன்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. சீட் பெல்ட் அறுந்திருக்கவில்லை, முறையாகக் கழற்றப்பட்டுச் சுருண்டு கிடந்தது. டாஷ்போர்டு பெட்டியில் வண்டிக் காகிதங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தன. உறைக்குள்ளேயே அவற்றின் மேல் லேசியின் கையெழுத்தில் ஒரு மஞ்சள் துண்டுத்தாள்: 'இன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட ஸ்டிக்கர் கேக்கணும்.' மெர்ல் அழுத அழுகை மூன்று பண்ணை தாண்டிக் கேட்டது. கன்றுக்குட்டி ஏதோ முள்வேலியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து டக் விளக்கோடு ஓடிவந்தான்.

பெல்ட்டை ஆற்றுத் தண்ணீரே கழற்றியிருக்கும் என்றார் ஷெரிஃப். "ஆத்துக்கு விரல் ஏது? அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தணும்னு அதுக்குத் தெரியுமா?" என்று மெர்ல் கேட்டார். டக்கின் கூட்டம் அந்தக் குளிர்காலம் முழுவதும் எஞ்சினைப் பிரித்து, உலர்த்தி, ஓட வைத்தது. பலகைகளை மெர்ல் தன் கையாலேயே முடுக்கினார். அன்றிலிருந்து தினமும் விடிவதற்குள் கிளம்பி, ஆஸ்பத்திரி, இலவசக் கஞ்சி ஊற்றும் தேவாலயம், லாரிகள் நிற்கும் ஓட்டல் என்று புகைப்படத்தைக் காட்டி விசாரிக்கிறார். தூர ஊர் போனால், ஆறுக்குள் வீடு சேர நண்பகலிலேயே வண்டி தானே திரும்பிவிடும். ஆறு மணி நேரத் தூரத்துக்கு அப்பால் ஒரு ஊரில்கூட அவரால் தேட முடிந்ததில்லை.

"பலகையை ஒப்படைச்சுட்டுப் போங்களேன் மெர்ல். டெக்சஸ் வரைக்கும் தேடலாம்" என்றான் டக்.

"ஆறு மணிக்கு அவ வந்து நின்னு, முற்றம் காலியா இருந்தா?"

ஏழு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு இவோன் நார்ஃபக்கிலிருந்து ரொட்டி அனுப்புகிறாள். மார்ச் மாதத்துக் கவரை மெர்ல் தபால்பெட்டி அருகில் நின்றபடியே பிரித்து, கையெழுத்துப் போட்டு, தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மேசையில் இரண்டு தட்டு இருக்கும். வீடு திரும்பும் நேரமாகி ஸ்டியரிங் தன்பாட்டில் திரும்பத் தொடங்கியதும் அவர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையைக் காலியாக விட்டுவிடுவார். மாலை ஆறுக்குச் சற்று முன்பு அந்தப் பிக்கப் எங்கள் ஊர்ச் சாலையில் வரும்போது, வெளியே நிற்பவர்கள் இரண்டு இருக்கைகளையும் பார்த்து, இரண்டு பேருக்கும் கையசைப்பார்கள்.